கவசனின் கறுப்புச் சாளரம்

செம்மண் குன்றின் அடியில் ஒரே வளையை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டு வாழ்ந்தன. வலப்பக்க அறையில் சூலி என்னும் முள்ளம்பன்றி. இடப்பக்க அறையில் கவசன் என்னும் அழுங்கும் அவன் மனைவி கனகியும். அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதில் போர்த்த எறும்புத்தின்னி. ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கவசன் ஆபத்து வராவிட்டாலும் சுருண்டுகொள்வான். யாராவது கடினமான கேள்வி கேட்டால் போதும்.

நடு அறை இருவருக்கும் பொது. அங்கே ஒரு மடிக்கணினி இருந்தது. காட்டை ஆராய வந்த மனிதர்கள் முதல் மழைக்கே பயந்து ஓடியபோது விட்டுச்சென்றது. அதற்கு இணைய இணைப்பு குன்றின் உச்சியில் இருந்த கோபுரத்திலிருந்து வந்தது. கோபுரத்தை நடத்தியவன் இனியவன் என்னும் நரி. அவன் காட்டில் ஒருவரிடமும் கட்டணம் கேட்டதில்லை. ஒரு நரி எதற்காக இதைச் சும்மா கொடுக்கிறான் என்று சூலி கேட்டாள். எல்லோரும் படம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஒரு நாள் சூலி செவ்வள்ளிக் கிழங்கு எங்கே விளைந்திருக்கிறது என்று தேட உட்கார்ந்தாள். முதல் எழுத்தைத் தட்டியதுமே உலாவி தானாக முந்திக்கொண்டு சிலவற்றை நீட்டியது. ‘செதில் உதிர்வது ஏன்?’ ‘செதில் மறுபடி முளைக்குமா?’ ‘செதில் போன கணவனை மனைவி மதிப்பாளா?’

சூலி சிரித்துவிட்டாள். பின்னால் நின்ற கவசன் பந்தாகிவிட்டான். அன்று பொழுது சாயும்வரை பந்தாகவே கிடந்தான்.

மனம் இளகி அவள்தான் அவனுக்கு மறைநிலைச் சாளரத்தைக் காட்டினாள். உலாவியில் ஒரு பொத்தானைத் தட்டினால் கறுப்பாகத் திறக்கும். மேலே தொப்பியும் கண்ணாடியும் அணிந்த ஓர் உருவம் இருக்கும். அதில் தேடியவற்றை, சாளரத்தை மூடியதும் இந்தக் கணினி மறந்துவிடும் என்று விளக்கினாள். அடுத்து வந்து உட்காருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான் இதன் வேலை என்றும் சொன்னாள்.

‘ஒன்றும் தெரியாது’ என்பது கவசன் காதில் ஏறியது. ‘அடுத்து வந்து உட்காருகிறவருக்கு’ என்பதும் ‘அவ்வளவுதான்’ என்பதும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

அன்றிலிருந்து அவன் நடையே மாறியது. கறுப்புச் சாளரத்தின் முன்னால் உட்கார்ந்தால் தானே தொப்பியும் கண்ணாடியும் அணிந்துகொண்டதாக அவனுக்குத் தோன்றியது. அந்தச் சாளரத்தின் முதல் பக்கத்திலேயே அது எதை மறைக்கும், எதை மறைக்காது என்று தெளிவாக எழுதியிருந்தது. கவசன் அதை ஒரு நாளும் படிக்கவில்லை. படிப்பதற்கு முன்பே தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவான்.

கோடை வந்தது. குன்றைச் சுற்றியிருந்த புற்றுகள் வெறுமையாயின. கனகிக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. தாயின் வாலில் தொற்றிக்கொண்டு திரிந்த அந்தக் குட்டிக்குச் செதில் இன்னும் நகம்போல் மென்மையாக இருந்தது. அது சுருண்டாலும் யாருடைய பல்லையும் தாங்காது. தாய்க்கு இரை கிடைத்தால்தான் குட்டிக்குப் பால். வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

கவசன் யாரையும் கலக்காமல் இடம் பார்த்தான். உடும்புத் தரகர் நடத்திய ‘புதுவளை’ என்னும் தளத்திற்குள், கறுப்புச் சாளரம் வழியாக, தினமும் போய்வந்தான். ஓடைக்கு அப்பால் கரும்பாறையின் கீழ் ஒரு வளை பிடித்துப்போயிற்று. அதைத் தனக்கென்று வைக்கச் சொல்லித் தன் பெயரையும், தாய், தந்தை, கைக்குழந்தை என்று குடும்ப விவரத்தையும் அங்கே கொடுத்தான். பிறகு சாளரத்தை மூடினான். உலகத்தையே மூடிவிட்டதுபோல் பெருமூச்சு விட்டான்.

மறுநாள் மாலை சூலி ஓடையில் நீர் குடித்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையில் இனியவன் வந்து நின்றான்.

“அக்கா, உங்கள் பக்கத்து அறைக்காரர்கள் காலி செய்கிறார்களாமே” என்றான். “கரும்பாறை நல்ல இடம். என்றைக்குப் பால் காய்ச்சுகிறார்கள்? கைக்குழந்தை இருக்கிற வீடு, வெறுங்கையோடு போகக் கூடாது பாருங்கள்.”

அவன் வாயிலிருந்து ஆட்டுக்குடல் வாடை வந்தது. காட்டில் ஆடு கிடையாது. அடிவாரத்தில் முகாமிட்டிருந்த சாக்குக்காரர்களிடம்தான் ஆடு உண்டு. அழுங்குகளைச் சாக்கில் கட்டிச் செதிலுக்காகக் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். போன கோடையில் மூங்கில் சரிவிலிருந்த அழுங்குக் குடும்பத்துக்கும் இனியவன் இப்படித்தான் வாழ்த்துச் சொல்லப் போயிருந்தான். அதற்குப் பின் அந்தச் சரிவில் அழுங்கு இல்லை.

சூலியின் முட்கள் எழுந்தன. தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அது உண்மையாகவும் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம்.

வளைக்கு வந்தவள் நேரே கவசன் முன்னால் போய் நின்றாள். கரும்பாறைக்குப் போவதைப் பற்றி யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டாள். ஒருவரிடமும் சொல்லவில்லை, கனகியிடமே இன்னும் சொல்லவில்லை என்று கவசன் சத்தியம் செய்தான். நரிக்குத் தெரிந்திருக்கிறது என்றாள் அவள்.

“அது எப்படித் தெரியும், அம்மா? எல்லாவற்றையும் கறுப்புச் சாளரத்தில்தானே செய்தேன்? தொப்பி போட்டுக்கொண்டுதானே செய்தேன்?”

சூலி கண்களை மூடித் திறந்தாள். இந்தக் காட்டில் பிறந்ததற்காக வருந்தினாள். பிறகு கணினியைத் திறந்தாள். பதிவிறக்கங்கள் சேரும் இடத்தில், பட்டப்பகலில் நடுத்தெருவில் படுத்திருப்பவன்போல், கரும்பாறைக்கு வழிகாட்டும் படம் கிடந்தது.

“இதை யார் இறக்கினார்கள், அண்ணா?”

“நான்தான். ஆனால் சாளரத்தை மூடிவிட்டேனே?”

“சாளரம் போகும். நீங்கள் இறக்கி வைத்த படம் போகாது. கடைக்குப் போன சுவடை அழித்துவிட்டு, வாங்கிய சாமானைக் கூடத்திலேயே போட்டுவைத்திருக்கிறீர்கள்.”

கனகி குட்டியோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். சூலி நரியையும் ஆட்டுக்குடல் வாடையையும் சொன்னாள். கனகி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. கவசன் தலையை உள்ளே இழுத்தான், வாலைச் சுற்றினான், பந்தானான்.

“பார், ஆரம்பித்துவிட்டார்” என்றாள் கனகி.

சூலி முன்காலால் பந்தைத் தள்ளினாள். அது உருண்டு நடு அறைக்கு வந்து நின்றது.

“அண்ணா, நான் உங்களைப் பார்க்கிறேனா, இல்லையா?”

பந்துக்குள்ளிருந்து தேய்ந்த குரல் வந்தது. “நான் உன்னைப் பார்க்கவில்லையே, அம்மா.”

“கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணி, இதுதான் இவருடைய மொத்த அறிவு.” சூலி பந்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். “போன மாரியில் சிறுத்தை வந்தது. நீங்கள் இப்படித்தான் சுருண்டீர்கள். அதன் பல் செதிலில் இறங்கவில்லை, சலித்துப் போய்விட்டது. சிறுத்தையிடம் இந்தப் பந்து நல்ல உபாயம்தான். சாக்குக்காரன் உங்களைக் கடிக்கவா வருகிறான்? தூக்கிப் போட வருகிறான். அவனுக்கு இதைவிட வசதியான வடிவம் உண்டா? ஓடவும் மாட்டீர்கள், உதைக்கவும் மாட்டீர்கள். சாக்கைத் திறந்தால் போதும்.”

பந்து அசையவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது.

“உங்கள் கறுப்புச் சாளரமும் அப்படித்தான். இந்தக் கணினியில் எனக்குப் பின் யார் உட்காருகிறாரோ, அவருக்கு நான் தேடியது தெரியக் கூடாது என்றால், அது நல்ல உபாயம். அதைத்தான் நான் சொன்னேன். ஆனால் இணைப்பு யாருடைய கோபுரத்தின் வழியாகப் போகிறது? நரியுடையது. நீங்கள் கறுப்பில் போனாலும் வெள்ளையில் போனாலும் அதே பாதையில்தான் போகிறீர்கள். உள்ளே போய் என்ன பேசினீர்கள் என்பது அவனுக்குக் கேட்காது. இந்த வளையிலிருந்து எந்த வாசலுக்கு, எத்தனை தடவை போனீர்கள் என்பது தெரியும். தினமும் வீடு பார்க்கிற தளத்துக்குப் போகிறவன் வீடு மாறப்போகிறான் என்று கண்டுபிடிக்க நரி மூளை வேண்டாம். உங்கள் மூளையே போதும்.”

“கரும்பாறை என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கனகி கேட்டாள்.

உடும்பின் தளத்தில் அவர் தம் பெயரைக் கொடுத்தாரா என்று சூலி திருப்பிக் கேட்டாள்.  பெயர் கொடுக்காமல் உள்ளே விடமாட்டேன் என்கிறார்களே என்றது பந்து.

“முகத்தை மூடிக்கொண்டு கடைக்குப் போய், உள்ளே நுழைந்ததும் ‘நான்தான் கவசன், என் மனைவி கனகி, ஒரு கைக்குழந்தை’ என்று பதிந்துவிட்டு வந்திருக்கிறார். உடும்பு எதையும் திருடவில்லை. நீங்கள் கொடுத்ததை வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கௌதாரி முட்டையைக் காட்டினால் அது யாரிடமும் எதையும் சொல்லும். நரி காட்டியிருப்பான். இனி அவனுக்குத் தெரியாதது நாள் ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் என்னிடம் பால் காய்ச்ச வந்தான்.”

குட்டி தாயின் வாலிலிருந்து சறுக்கி இறங்கி, தந்தை என்னும் பந்தின் மேல் ஏற முயன்றது. மென்மையான அதன் செதில்கள் அவன் கடினமான செதில்களின் மேல் வழுக்கின. அது கீழே விழுந்து சிணுங்கியது.

பந்து மெல்ல அவிழ்ந்தது. கவசன் எழுந்து குட்டியை மூக்கால் வாரித் தன் வயிற்றடியில் சேர்த்துக்கொண்டான்.

“இப்போது என்ன செய்வது, சூலி?” என்றான். குட்டு வெளிப்பட்டபின் அவன் சுருளாமல் கேட்ட முதல் கேள்வி அது.

 தன் சிற்றன்னை விட்டுச்சென்ற பழைய வளை ஒன்று வடக்குச் சரிவில் இருப்பது சூலிக்கு நினைவு வந்தது. அதைச் சுற்றிப் புற்றுகளும் உண்டு. அதைப் பற்றி எந்தத் தளத்திலும் தேட வேண்டாம் என்றாள். யாருடைய பெயரையும் எங்கும் கொடுக்க வேண்டாம். கால் இருக்கிறது, நடந்து போய்ப் பார்த்து வரலாம்.

கனகி சற்று நேரம் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “இவர் அந்த உடும்புத் தளத்துக்குப் போவதை நிறுத்தினால் நரிக்குச் சந்தேகம் வரும். நிறுத்த வேண்டாம். தொப்பியைப் போட்டுக்கொண்டு தினமும் போகட்டும். வெள்ளிக்கிழமை கரும்பாறைக்குக் குடிவருகிறோம் என்று உடும்புக்கு எழுதட்டும்.”

சூலி அவளை மெச்சிப் பார்த்தாள். இந்த வீட்டில் ஒரு மூளையாவது வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படியே செய்தார்கள். கவசன் ஒழுங்காகக் கறுப்புச் சாளரத்தைத் திறந்தான், ஒழுங்காக உடும்புக்கு எழுதினான். உடும்பு ஒழுங்காக முட்டை தின்றது. வெள்ளிக்கிழமைக்கு முன்பே தாயும் தந்தையும் குட்டியும் வடக்குச் சரிவில் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை சாக்குக்காரர்கள் கரும்பாறையைச் சுற்றி வலை கட்டினார்கள். இனியவன் முன்னால் நின்று வழி காட்டினான். வளையைத் தோண்டினார்கள். ஒரு கிழட்டுத் தேரை வெளியே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டது. மறுபடி தோண்டினார்கள். மண்தான் வந்தது. ஆட்டுக்குடலுக்குக் கணக்குக் கேட்கத் தடியை எடுத்தார்கள். நரி அவர்கள் கட்டிய வலையிலேயே கால் மாட்டி, பின்னங்காலின் தோலைக் கொஞ்சம் அங்கே விட்டுவிட்டு ஓடினான். அந்தக் காட்டுக்கு அவன் திரும்பவில்லை. கோபுரத்தைக் காக்கை ஏற்றுக்கொண்டது.

காட்டில் அன்று கொண்டாட்டம். இனிப் பயமில்லை, காக்கை நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். காக்கைக்கும் கண் உண்டு என்று சூலி சொன்னாள். எல்லோரும் படம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

மாரி தொடங்கியபின் ஒரு நாள் கவசன் செம்மண் குன்றடி வளைக்கு வந்தான். அவனும் கனகியும் இன்னமும் நடு அறைக் கணினியைத்தான் வந்து பயன்படுத்தினார்கள். தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். கனகிக்குத் தெரியாமல் அவளுக்குப் பிடித்த சிவப்பெறும்பு முட்டை வாங்கித் தர நினைக்கிறான். அணில் கடையில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்தக் கறுப்புச் சாளரத்தைத் திறக்கலாமா?

சூலியின் முட்கள் எழுந்தன. “யாரிடமிருந்து மறைக்க?” என்று கேட்டாள்.

“காக்கைக்குத் தெரிந்தால் பரவாயில்லை. அணிலுக்கு எப்படியும் தெரியும். கனகி இங்கே வந்து உட்காரும்போது அவளுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.”

முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. இத்தனை நாளில் அவன் ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லைச் சரியான இடத்தில் வைத்துவிட்டான். அதற்குத்தான் அந்தச் சாளரமே இருக்கிறது, தாராளமாகத் திறங்கள் என்றாள் சூலி.

கவசன் மகிழ்ச்சியோடு உட்கார்ந்தான். தேடினான், தேர்ந்தெடுத்தான், சாளரத்தை மூடினான், போனான்.

மறுநாள் கனகி வந்து கணினியைத் திறந்தாள். திரையின் நட்டநடுவில், இலைத்தொன்னை நிறையச் சிவப்பெறும்பு முட்டையின் படம் இருந்தது. அழகாக இருந்ததாம், இறக்கித் திரையிலேயே வைத்துக்கொண்டானாம்.

கனகி விழுந்து விழுந்து சிரித்தாள். சூலி தன் அறைக்குள் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஒரு திரை யாருடைய கண்ணை மறைக்கும், யாருடைய கண்ணை மறைக்காது என்று அறிந்த பிறகே அதன் பின்னால் நிற்க வேண்டும்.