கால் பங்கு வீட்டில் காராச்சேவு

ஊசிமேட்டில் பொன்னுலிங்கம் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு இரண்டு தம்பிகள்: அய்யாத்துரை, சொள்ளமுத்து. மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் போடும் காராச்சேவுக்கு மட்டும் ஊரே அடிமை.

தீபாவளி நெருங்கி, தெரு முழுக்கச் சேவுக்குச் சொல்லிவைத்திருந்த நேரம். நகராட்சியிலிருந்து செண்பகவல்லி அம்மாள் வந்து நின்றார்.

"இது குடியிருப்புப் பகுதி. வீட்டுல தொழில் பண்ணலாம், வேண்டாங்கல. ஆனா வீட்டுல கால் பங்குக்குள்ளதான் பண்ணணும். முக்கால் பங்கு குடியிருக்க. அடுத்த வாரம் வந்து பார்ப்பேன். மீறியிருந்தா சீல் வெச்சிருவேன்."

சேவு போடுவதைத் தவிரப் பொன்னுலிங்கத்துக்கு வேறு எதுவும் தெரியாது. தம்பிகளுக்கு அதுவும் அரைகுறை. அடுப்பை அணைத்துவிட்டு இருவரையும் உட்கார வைத்தார்.

"கால் பங்குன்னா எதுடா கால் பங்கு?"

அய்யாத்துரை நெற்றியைத் தேய்த்தான். "அந்தம்மா நீளத்துல கால் பங்குன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அகலத்துல?"

"அதுவும் சொல்லல."

"அப்போ உசரத்துலதான் இருக்கும்," என்றான் சொள்ளமுத்து.

இவ்வளவு தெளிவாக யோசிக்கிற தம்பி தனக்கு வாய்த்ததை நினைத்துப் பொன்னுலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

உடனே சுண்ணாம்பை எடுத்தார்கள். தரையிலிருந்து தொடை உயரத்துக்கு நான்கு சுவரிலும் சுற்றிக் கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கீழே தொழில், மேலே குடித்தனம். அன்றிலிருந்து மூவரும் தவழ்ந்துதான் வேலை பார்த்தார்கள். மாவு பிசைவது, தேய்ப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் கோட்டுக்குக் கீழே. இடுப்பு வலித்து யாராவது நிமிர்ந்தால், "நல்லாயிருக்கீங்களா, சாப்பிட்டீங்களா?" என்று குடும்பப் பேச்சு மட்டும் பேசிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

தபால்காரர் இருதயராஜ் வந்தார். "அரை கிலோ சேவு குடுங்க."

"வாங்க வாங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் நின்றுகொண்டிருந்த பொன்னுலிங்கம்.

"சௌக்கியம். அரை கிலோ சேவு."

"மழை வரும்போல இருக்கு, இல்ல?"

"யோவ், சேவு இருக்கா இல்லையா?"

கீழேயிருந்து சொள்ளமுத்து இருதயராஜின் வேட்டி நுனியை இழுத்தான். "சார், நீங்க வீட்டுல நின்னு கேக்குறீங்க. கொஞ்சம் உக்காந்து கேளுங்க, கடை இங்கதான் இருக்கு."

இருதயராஜ் முட்டி போட்டுத்தான் சேவு வாங்கிப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, புகையைத் தவிர. அடுப்புப் புகை கோட்டைத் தாண்டி நேராகக் குடித்தனத்துக்குள் போனது. அய்யாத்துரை முறத்தை வைத்து அதைக் கீழே அடித்து அடித்துப் பார்த்தான். புகை அவன் மூக்குக்குள் போனதுதான் மிச்சம். பொன்னுலிங்கத்துக்கோ இரண்டு முழங்காலும் தேய்ந்து தோல் உரிந்துவிட்டது.

"இப்படியே போனா தீபாவளிக்குள்ள நான் படுத்துருவேன்டா," என்று முனகினார்.

"வீடு சின்னதா இருக்கதாலதான்ணே கால் பங்கும் சின்னதா இருக்கு," என்றான் அய்யாத்துரை. "வீட்டு உசரத்தைக் கூட்டிட்டா நின்னுக்கிட்டே வேலை பாக்கலாம்."

"உசரத்தை எப்படிடா கூட்டுறது?"

"கூரை ஓட்டைப் பிரிச்சிருவோம். அப்புறம் வானம் வரைக்கும் நம்ம வீடுதான்."

"வானத்துல கால் பங்கு எவ்வளவு இருக்கும்?"

"எவ்வளவு இருந்தாலும் நம்ம தலைக்கு மேலதான் இருக்கும்."

மறுநாள் காலையில் ஓட்டைப் பிரித்துக் கொல்லையில் அடுக்கினார்கள். பல நாளுக்குப் பிறகு முதுகை நிமிர்த்திச் சேவு தேய்த்தபோது பொன்னுலிங்கத்துக்கு மறுபிறவி எடுத்ததுபோல இருந்தது.

மத்தியானம் செண்பகவல்லி அம்மாள் வந்தார். அண்ணாந்து பார்த்தார். ஒரு காக்கை பறந்து போனது.

"கூரை எங்கேய்யா?"

"பத்திரமா இருக்கும்மா. ஒரு ஓடுகூட உடையல. இப்போ கால் பங்குக்குள்ளதான் நிக்கிறோம், நீங்க அளந்துக்கிடலாம்."

அந்த அம்மாளுக்குத் தலை சுற்றியது. "கூரையே இல்லாம இது எப்படிய்யா வீடாகும்? இது வீடே இல்லை!"

மூவரும் திகைத்துப் போனார்கள். பொன்னுலிங்கம் சுற்றிலும் பார்த்தார். நான்கு மொட்டைச் சுவர், மேலே வெயில். அந்த அம்மாள் சொல்வது சரிதான்.

"டே, அப்போ நம்ம வீடு எங்கடா?"

"நேத்துப் படுக்கும்போது மேல ஓடு இருந்துச்சுண்ணே. நான் பாத்தேன்," என்றான் சொள்ளமுத்து.

"அப்போ அது வேற. நாம இடம் மாறி வந்துட்டோம்." பொன்னுலிங்கம் கரண்டியைச் செண்பகவல்லி அம்மாள் கையில் திணித்தார். "அம்மா, சேவு கருகிராம கொஞ்சம் பாத்துக்கிடுங்க. வீட்டைத் தேடிட்டு வந்துர்றோம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மூவரும் தெருவில் இருந்தார்கள். வீடு வீடாக எட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் கூரை இருந்தது, உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். தெருமுனை வரை போய்ச் சோர்ந்து திரும்பியபோது சொள்ளமுத்து மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணே, யாரோ சேவு போடுறாங்க!"

தூரத்தில் நான்கு மொட்டைச் சுவருக்கு நடுவிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கம் சுவரோரம் போய் முகர்ந்து பார்த்தார். அதே பூண்டு, அதே மிளகு.

"நம்ம பக்குவத்தையே திருடிட்டாங்கடா! அதுவும் குடியிருப்புப் பகுதியில, வீடுகூட இல்லாம!"

கொதித்துப்போய் நேராக நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம் புகார் சொன்னார்கள்.

"சேவு போடுறது யாரு?"

"பேரு தெரியாதுங்க. வளையல் சத்தம் கேட்டுச்சு. பொம்பளையாத்தான் இருக்கணும்."

"இதையெல்லாம் பாக்குற மேடம் வெளியே போயிருக்காங்க. வந்ததும் சொல்லுங்க."

மூவரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"அந்தம்மா ரொம்பக் கண்டிப்பு," என்று பொன்னுலிங்கம் தம்பிகளைத் தேற்றினார். "அவங்க மட்டும் வரட்டும், அங்க சேவு போடுறவளைச் சும்மா விடமாட்டாங்க."