கிணற்றின் மேல் நின்ற கிரைண்டர்

நகரத்துக்கு அடியில் ரயில் விடுவது என்று முடிவான காலத்தில், பாய்க்காரச் சந்தில் ஒரு கிரைண்டர் இருந்தது. சின்ன வீட்டுக் கிரைண்டர் இல்லை. ஒரே ஈட்டில் பதினைந்து கிலோ அரிசியை விழுங்கி மாவாகத் தருகிற வியாபாரக் கிரைண்டர்.

பங்கஜவல்லியின் மாவுக்கடை அதை நம்பித்தான் ஓடியது. சுற்றியுள்ள நான்கு தெருவுக்கும் இட்லி அவள் மாவில்தான் வெந்தது. கிரைண்டருக்கு அதில் கர்வம் உண்டு. அதைவிடப் பெரிய கர்வம் தன் குரலின் மேல். அது சுழல ஆரம்பித்தால் சந்து முனை டீக்கடை வரைக்கும் கேட்கும். "என்னை மாதிரி குரல் எவனுக்கு இருக்கு?" என்று மிக்ஸியிடம் பீற்றிக்கொள்ளும். மிக்ஸி வாயே திறக்காது. தேங்காய்ச் சில்லு போட்டாலே அதற்குத் தொண்டை கட்டிவிடும்.

கிரைண்டர் நின்ற இடத்துக்கு நேர் கீழே ஒரு கிணறு இருந்தது. இருபது வருடத்துக்கு முன் பங்கஜவல்லியின் கணவன் அதன் மேல் சிமென்ட் பலகை போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டி, சமையலறையை நீட்டிவிட்டான். பிறகு அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். கிணறு இருப்பது தெரிந்த ஆட்கள் இப்போது இரண்டே பேர். ஒன்று பங்கஜவல்லி, இன்னொன்று கிரைண்டர்.

சில மத்தியானங்களில் மோட்டார் நின்ற பிறகு கீழேயிருந்து குரல் வரும்.

"அண்ணே, மேல வெயிலா, மழையா?"

"உனக்கு எதுக்கு அது? சும்மா கெட" என்று கிரைண்டர் அதட்டும். கிணறும் சும்மா கிடக்கும்.

அந்தச் சந்துக்கு ஒரு பழக்கம் உண்டு. அட்டையில் காகிதம் சொருகிக்கொண்டு எவர் வந்து என்ன கேட்டாலும், முதல் பதில் 'இல்லை' என்பதுதான். மாடி இருக்கிறதா என்று கேட்டால், மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இல்லை என்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று தெரியாதபோது இல்லை என்று சொல்லிவைப்பது, வெளியே போகும்போது கதவைப் பூட்டுகிற மாதிரி. கை தானாகச் செய்துவிடும்.

ஒருநாள் பெனிட்டா என்ற இன்ஜினியர் பெண் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, அட்டையும் காகிதமுமாக வந்து நின்றாள்.

"அக்கா, வீட்ல கிணறு, போர் ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லமா."

"மூடின கிணறு? பழைய கிணறு?"

"நான் வாக்கப்பட்டு வந்ததுலேந்து இங்க கெணத்தப் பாத்ததே இல்ல."

கூசாமல் சொன்னாள். படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பெனிட்டா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள். பங்கஜவல்லி ஒரு நிமிடம் சமையலறைத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அரிசி களையப் போனாள்.

"அண்ணே, என்னைப் பத்தித்தானே கேட்டாங்க?" என்றது கிணறு.

"ஆமா. இல்லன்னு சொல்லியாச்சு. இருக்குன்னா என்னைத் தூக்கிப்போட்டுத் தரையத் தோண்டுவாங்க. கடை படுத்துரும். அந்தம்மா சோத்துக்கு இன்னா பண்ணும்? வாய மூடிக்கினு இரு."

"மூடித்தானே வெச்சிருக்கீங்க" என்றது கிணறு.

மாதங்கள் ஓடின. பெரிய தெருவைத் தகர வேலி போட்டு அடைத்தார்கள். பஸ் சுற்றிப் போனது. மாவு வாங்க வருகிறவர்கள் வேலியைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். "இந்த ரயிலு எப்ப வந்து, நாம எப்ப ஏறி..." என்று இழுத்தார்கள். இருந்தாலும் வரட்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிற பெண்கள் அந்தச் சந்தில் நிறையப் பேர்.

ஒரு காலையில் கிணற்றுக்குத் தூரத்தில் யாரோ மண்ணைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"யாரது?" என்று கேட்டது கிணறு.

"நான் சுரங்கம் குடையற மெஷின். நீ யாரு?"

"நான் கிணறு."

"கிணறா? என் வரைபடத்துல கிணறே இல்லையே!"

"இல்லன்னு சொல்லிட்டாங்க."

மெஷின் பதறிப்போனது. "அடப்பாவி! நான் நுரையையும் காத்தையும் வெச்சு மண்ணுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டே வர்றேன். வழியில இப்படி ஒரு பொத்தல் இருந்தா, அத்தனையும் அது வழியா மேல பிச்சுக்கிட்டுப் போயிரும். மண்ணு உக்காந்துரும். உன் தலை மேல என்ன இருக்கு?"

"ஒரு கிரைண்டரு. ஒரு அம்மா. சுத்தி பதினோரு வீடு."

"ஐயையோ!"

"அப்ப திரும்பிப் போயேன்" என்றது கிணறு.

"எனக்குப் பின்னால போகத் தெரியாதுப்பா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நிறுத்தறதா இருந்தா மேல இருக்கற மனுஷங்கதான் நிறுத்தணும். அவங்க வரைபடத்தப் பாத்து ஓட்டறாங்க. அதுல நீ இல்ல."

கிணறு நடந்ததை அப்படியே கிரைண்டரிடம் சொன்னது. கிரைண்டருக்குப் பயம்தான். ஆனாலும் வீம்பு போகவில்லை. "சொம்மா பயமுறுத்தாத" என்று சொல்லிவிட்டு, பங்கஜவல்லி சுவிட்சைப் போட்டதும் வழக்கம் போலச் சுழன்றது.

கொஞ்ச நேரத்தில் அதன் காலடியில், டைல்ஸ் இடுக்கில், வெள்ளையாக நுரை கட்டியது. பங்கஜவல்லி பார்த்தாள்.

"பாரேன், உளுந்து பொங்கி வழிஞ்சிருக்கு" என்று துணியால் துடைத்தாள். மறுபடி நுரைத்தது. மறுபடி துடைத்தாள். நல்ல உளுந்து என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

கிரைண்டருக்குத்தான் தெரியும், தன் வாயிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை என்று. பலகைக்குக் கீழே கிணறு மூச்சுத் திணறியது.

"அண்ணே, நுரை தலை வரைக்கும் வந்திருச்சுண்ணே. நான் கத்துனா யாருக்கும் கேக்காது. உனக்குத்தான் பெரிய குரலு. நீ கத்து."

கிரைண்டர் கத்திப் பார்த்தது. இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தியது. "இன்னிக்கு நல்லா அரைக்குது" என்றாள் பங்கஜவல்லி.

அப்போதுதான் கிரைண்டருக்கு உறைத்தது. தினமும் கத்துகிறவன் கத்தினால் எவர் திரும்பிப் பார்ப்பார்கள்? தான் செய்ய வேண்டியது வேறு: ஓடாமல் நின்றால்தான் தன்னை நகர்த்திவிட்டு அடியில் பார்ப்பார்கள். அது தன் இடத்தை இருபது வருடமாகக் கட்டிக் காத்து வந்தது. அந்த இடத்தை நினைத்து ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது. பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது.

"அய்ய, இதுக்கு இன்னா ஆச்சு?" பங்கஜவல்லி பெல்ட்டை மாட்டினாள். கழன்றது. இறுக்கி மாட்டினாள். மறுபடியும் கழன்றது. வாசலில் தூக்குவாளியோடு நாலு பேர் காத்திருந்தார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வந்தவர்களையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, கிரைண்டரைச் சுவரோரம் தள்ளினாள்.

அது நின்ற இடத்தில் டைல்ஸ் இடுக்கெல்லாம் நுரை குபுகுபுவென்று வந்தது. விரலில் தொட்டு முகர்ந்தாள். உளுந்து வாசனை இல்லை. சோப்பு வாசனை. காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது.

கீழே ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுவது பங்கஜவல்லிக்கு நினைவுக்கு வந்தது. போய்ச் சொன்னால் கடை உடையும், போட்ட கையெழுத்து பொய் என்று ஆகும், சந்தே கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால்? அவள் பக்கத்தில் நின்ற நாலு பேரைப் பார்த்தாள். எல்லாம் அவள் மாவில் வளர்ந்த முகங்கள்.

"எல்லாம் வெளிய போங்க! பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கினு போங்க!" என்று கூவிவிட்டு, செருப்புகூடப் போடாமல் வேலியை நோக்கி ஓடினாள்.

பெனிட்டா அங்கேதான் நின்றிருந்தாள்.

"கெணறு கீதுமா! என் வூட்ல கெணறு கீது!"

"அக்கா, இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்களே!"

"பொய்யிமா. மொதல்ல அத்த நிறுத்து!"

பெனிட்டா வயர்லெஸ்ஸில் கத்தினாள். பூமிக்குள் மெஷின் நின்றது. கிணற்றுக்கும் அதற்கும் நடுவே ஏழு மீட்டர் மண்தான் மிச்சம் இருந்தது. மெஷின் விட்ட பெருமூச்சு கிணறு வரைக்கும் கேட்டது.

சாயங்காலம், உடைத்த தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெனிட்டா கேட்டாள். "ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நீ எதுக்குக் கேக்கறேன்னு சொல்லலியேமா."

பெனிட்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். அப்புறம், "ஆமாக்கா, சொல்லல" என்றாள். மறுநாள் அவள் அட்டையை எடுக்காமல் அந்தச் சந்து முழுக்க மறுபடி போனாள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள். இன்னும் இரண்டு கிணறுகள் கிடைத்தன.

கிணற்றை நிரப்பும் நாளில் பங்கஜவல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் ஏற்றினாள். சிமென்ட் கலவைக் குழாயைப் பிடித்திருந்தவர்கள் அவள் கும்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தார்கள். பெனிட்டா வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, 'கிணறு, முப்பத்தாறு அடி' என்று எழுதினாள்.

"அண்ணே," என்றது கிணறு, முன்னறையில் சாக்கின் மேல் நின்ற கிரைண்டரிடம். "என்னை எழுதிட்டாங்கண்ணே. இருபது வருஷமா இல்லாமலே இருந்தேன். அதுதான் பாரமா இருந்தது. இப்ப நிம்மதியாத் தூங்குவேன்."

கிரைண்டருக்கு அழுகை வந்தது. "வெயிலுதாம்பா," என்றது. "மேல நல்ல வெயிலு அடிக்குது."

அதன் பிறகு கிணற்றின் குரல் கேட்கவில்லை.

மெஷின் வீட்டுக்கு அடியில் கடந்த அன்று சந்து ஜனம் மொத்தமும் வெளியே, தெருமுனையில் நின்றது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சுவர் விரியவில்லை, ஒரு ஓடு சரியவில்லை. "தாண்டிருச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்" என்று பெனிட்டா வந்து சொன்னபோது, பங்கஜவல்லி நடுத்தெருவில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நிமிடம் சிரித்தாள். கடை மூடியிருந்தது பதினெட்டே நாள்தான். அதுவரை சந்திலிருந்த வீட்டுக் கிரைண்டர்கள் எல்லாம் அவளுக்கு அரைத்துக் கொடுத்தன. இதற்குப் போயா இவ்வளவு பயந்தேன் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தரையைப் பூசி, புது டைல்ஸ் ஒட்டி, கிரைண்டரைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பங்கஜவல்லி சுவிட்சைப் போட்டாள்.

"இன்னாடா இது, சத்தமே காணோம்?" என்று குனிந்து பார்த்தாள். மாவு அருமையாக அரைபட்டுக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

இத்தனை வருடமும் தன் குரல் என்று நினைத்ததில் பாதி, காலுக்குக் கீழே மூடிவைத்திருந்த கிணற்றின் குரல் என்று கிரைண்டருக்கு அன்றுதான் தெரிந்தது. மீதிப் பாதி போதும் என்று, அது கெட்டியான தரையில் காலூன்றி நிம்மதியாக அரைத்தது.