உறுமிக்கொண்டு நின்ற வண்டி

தேயிலை மலையில் சங்கம் வைத்து நடத்தியவர் பேச்சியம்மாள். ஒரு காலத்தில் அவர் கையை உயர்த்தினால் மலை முழுக்கக் கொழுந்து பறிப்பது நிற்கும். அன்று அவருக்குச் சீடர்கள் நிறையப் பேர். சிலர் செத்தார்கள். சிலர் விலை போனார்கள். சிலர் பிழைப்புத் தேடி பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். கடைசியில் மிஞ்சியவர் சங்கத்து வேனை ஓட்டும் சூசை மட்டும்தான்.

சூசை அவரைவிட எட்டு வயது மூத்தவர். இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மலையில் எல்லோருக்கும் பேச்சியம்மாள் அக்காதான்.

அந்த வருடம் தொழிற்சாலையை மூடினார்கள். மழைக்காலம் முழுக்க வாசலில் பூட்டுத் தொங்கியது. அதன் பிறகு ஒரு செய்தி வந்தது. இலை உருட்டும் இயந்திரங்களையும் உலர்த்தும் இயந்திரங்களையும் கழற்றி, சமவெளியில் வேறொருவருக்கு விற்றுவிட்டார்களாம். விடிந்தால் லாரி கிளம்புகிறதாம்.

பூட்டைப் போராடித் திறக்க வைக்கலாம். இயந்திரம் போன பிறகு எதைத் திறப்பது? நாலு சுவரும் ஒரு புகைபோக்கியும்தான் இருக்கும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் குடியிருக்கும் அத்தனை குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லாரி புறப்படுவதற்குள் ஆட்களோடு போய் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்துவிட வேண்டும். பேச்சியம்மாள் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். “விடிஞ்சதும் வேன் நிக்கும். வந்து ஏறுங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

விடிந்தது. பனி இறங்கியிருந்தது. லயன் வீடுகளுக்குக் கீழே, சாலை வளையும் இடத்தில் சூசை வேனைக் கிளப்பினார். அது இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, பிறகு ஒரே சீராக உறுமிக்கொண்டு நின்றது. பேச்சியம்மாள் மடித்த கொடியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

சூசை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

“அக்கா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்கண்ணே.”

“கீழே பட்டறைக்குப் புதுசா ஒரு மெக்கானிக் வந்திருக்கான். என்னைப் பார்த்தாலே சிரிக்கிறான். வண்டியை நிறுத்திப் போட்டு உறுமவிட்டா சூடே ஏறாதாம், டீசல்தான் கரியுமாம். கிளப்பின உடனே எடுத்து மெதுவா ஓட்டினா போதுமாம். ஓட ஓடத் தானா சூடாயிருமாம்.”

“சரி.”

“நாம என்னடான்னா இத்தனை வருஷமா கால் மணி நேரம் உறுமவிட்டுத்தான் எடுக்கிறோம். நீங்க சொல்லுங்க. சூடேத்தணுமா, வேண்டாமா?”

“அவன் சொல்றது சரிதாண்ணே. எஞ்சினுக்கு வேண்டாம்.”

சூசையின் கை கியர் மேல் போனது. “அப்ப எடுக்கட்டுமா?”

“எடுக்காதீங்க. உறுமட்டும்.”

சூசைக்கு ஒன்றும் புரியவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் வீடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “முதல் போராட்டம் ஞாபகம் இருக்கா?”

“இல்லாமலா? பேட்டரி செத்துப்போன வேன். அணைச்சா திரும்பக் கிளம்பாதுன்னு அணைக்காம நின்னேன். டீசலுக்கு உங்கப்பனா காசு தருவான்னு கேட்டீங்க.”

“கேட்டேன். அப்புறம் என்ன நடந்துச்சு?”

சூசை யோசித்தார். “ஜனங்க வந்தாங்க.”

“ஒரு வாரம் நோட்டீஸ் கொடுத்தேன், வரல. மைக் கட்டித் தொண்டை கிழியப் பேசினேன், வரல. வண்டி உறுமுற சத்தம் கேட்டதும் கதவு திறந்துச்சு. விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு பயந்து ஓடி வந்தாங்க. ஒருத்தி பாதி பின்னின தலையோட வந்து ஏறினா.”

“வெள்ளத்தாய்!” சூசை சிரித்துவிட்டார். “மீதிப் பின்னலைப் போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்து முடிச்சா.”

“வண்டி உறுமினது அவங்களுக்காகண்ணே. எஞ்சினுக்காக இல்ல.”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எந்தத் துண்டறிக்கையிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மேடையில் பேசியவர்கள் தங்கள் பேச்சால் கூட்டம் வந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாளுக்கும் சில வருடங்கள் அந்த நினைப்பு இருந்தது.

வண்டி உறுமியது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஆனால் கூரைகளிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே எழுந்துவிட்டார்கள்.

“நேரம் ஆகுது அக்கா. நாம ரெண்டு பேராவது போவோம்.”

“ரெண்டு பேர் போய் உட்கார்ந்தா அதுக்குப் பேர் மறியல் இல்லண்ணே. களைப்பு.”

“வாசல் குறுகல் அக்கா. வேனையே குறுக்கே விட்டுரலாம்.”

“இன்னும் கொஞ்சம் பார்ப்போம். வருவாங்க.”

கடைசியில் ஒரு கதவு திறந்தது. வெள்ளத்தாய் வந்தாள். தலை முழுக்கப் பின்னியிருந்தது, பாதி நரைத்திருந்தது. இரண்டு டம்ளரில் பால் விடாத தேநீர் கொண்டுவந்தாள். ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு டம்ளருக்காக நின்றாள்.

“ஏறு,” என்றார் பேச்சியம்மாள்.

“அடுப்புல சோறு கிடக்குக்கா.”

“இறக்கி வெச்சிட்டு வா. நிக்கிறோம்.”

வெள்ளத்தாய் அசையவில்லை.

“உன் புருஷன் மாசானம் எங்கே?”

“படுத்திருக்காரு. காய்ச்சல்.”

“பக்கத்து வீட்டுல?”

“அங்கேயும் உடம்பு சரியில்லன்னாங்க.”

“லயன் முழுக்கக் காய்ச்சலாடி?”

வெள்ளத்தாய் தரையைப் பார்த்தாள். “வண்டியை அணைங்கக்கா. புகை வீட்டுக்குள்ள வருது.”

“முந்தியும்தான் புகை வந்துச்சு. அப்ப ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே.”

“முந்தி நாங்க வீட்டுக்குள்ள இல்லையேக்கா. வண்டிக்குள்ள இருந்தோம்.”

டம்ளர்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் இன்னொரு உறுமல் கேட்டது. கனமான உறுமல்.

“மேலே தொழிற்சாலையிலேருந்து வருது,” என்றார் சூசை. “கிளம்பிட்டாங்க அக்கா!”

“குறுக்கே போடுங்க.”

சூடாக நின்றிருந்த வேன் தொட்டதும் பாய்ந்தது. வளைவில் சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பேச்சியம்மாள் இறங்கிப் போய், கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றார். அவருக்கு முட்டி வலி உண்டு. இருந்தும் நேராக நின்றார்.

பனியிலிருந்து ஒரு லாரி வெளிப்பட்டது. அதன் பின்னால் இன்னொன்று. முதல் லாரி ஹாரன் அடித்தது, கிறீச்சிட்டது, சரிவில் நின்றது. ஓட்டுநர் சமவெளிக்காரர். தலையை நீட்டினார்.

“யாரம்மா நீங்க? தள்ளுங்க!”

பேச்சியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. லாரியின் மேலே பார்த்தார்.

தார்ப்பாய் போட்டுக் கட்டிய இயந்திரங்களின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காதைச் சுற்றித் துண்டு. கையெல்லாம் கிரீஸ். எல்லோரும் லயன் வீட்டு ஆண்கள். இருட்டிலேயே எழுந்து, மேட்டுப் பாதை வழியாகத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார்கள். வேன் வந்து நின்றபோது வீடுகளில் ஆண்களே இல்லை.

ஹாரன் சத்தத்துக்குக் கதவுகள் திறந்தன. பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“மாசானம், காய்ச்சல் எப்படி இருக்கு?” என்று கேட்டார் பேச்சியம்மாள்.

மாசானம் அவசரமாகத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். “அக்கா...”

“இறங்குங்க. எல்லாரும் இறங்கி வேன்ல ஏறுங்க. ஏன் போனீங்கன்னு கேட்க மாட்டேன்.”

ஒருவரும் இறங்கவில்லை.

“அடுப்பு எரியணுமே அக்கா,” என்றான் மாசானம். “நாங்க போகலைன்னா வெளியாளை வெச்சுக் கழட்டியிருப்பான். அவனுங்க கையில கொடுத்தா உடைச்சிருப்பானுங்க. நாங்க கழட்டினோம், ஒரு போல்ட்டு தவறல. எதை எங்கே மாட்டணும்னு சாக்பீஸ்ல குறியெல்லாம் போட்டிருக்கோம்.” சொல்லச் சொல்ல அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

“யார் மாட்டுறது?”

“நாங்கதான். அதுக்கும் சேர்த்துத்தான் கூலி பேசியிருக்கு.”

“மாட்டிக் கொடுத்துட்டு?”

“வந்துருவோம்.”

“எங்கேடா வருவீங்க?”

மாசானம் லயன் வீடுகளைப் பார்த்தான். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “சந்தா மட்டும் நிறுத்த மாட்டோம் அக்கா! சங்கம் இருக்கணும்!”

யாரோ சிரித்தான். இன்னொருவன் கத்தியவனை வாயை மூடச் சொன்னான்.

ஓட்டுநர் மறுபடி தலையை நீட்டினார். இப்போது அவர் குரலில் அதட்டல் இல்லை. “அம்மா, இரும்பு பூரா மேல இருக்கு. இந்த இறக்கத்துல வெறும் பிரேக்கை நம்பி ரொம்ப நேரம் நிக்க முடியாது. உருண்டா முதல்ல சாகறது உங்க ஆளுங்கதான்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஈரச் சாலையில் லாரி ஒரு முழம் சறுக்கி நின்றது. மேலே இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அக்கா!” என்று வெள்ளத்தாய் அலறினாள். “அக்கா, விட்டுருங்கக்கா!”

அவளைத் தொடர்ந்து மற்றப் பெண்களும் கூப்பிட்டார்கள். ரொம்ப வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் லயன் முழுக்க ஒரே குரலில் அவரைக் கூப்பிட்டது.

சூசை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “அசையாதீங்க அக்கா! நான் எடுக்க மாட்டேன். இடிக்கிறதுன்னா இடிக்கட்டும்!”

பேச்சியம்மாள் மாசானத்தைப் பார்த்தார். பிறகு லாரியின் சக்கரத்தைப் பார்த்தார். கொடியை நிதானமாக மடித்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

சூசையின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

“இதுக்கா அக்கா?” என்றார். “இதுக்கா இத்தனை வருஷம் உறுமவிட்டு நின்னோம்?”

“வண்டி சூடாத்தானே இருக்குண்ணே,” என்றார் பேச்சியம்மாள். “பின்னால எடுங்க.”