அறிவிப்புக்காரர் செங்கோடனார்

பூவாற்றூர் நகராட்சியில் அறிவிப்பு ஆட்டோ ஓட்டி வந்தவர் செங்கோடனார். குடிநீர் எந்த வீதிக்கு எப்போது வரும், தடுப்பூசி முகாம் எங்கே நடக்கும், குப்பை வண்டி ஏன் வரவில்லை என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வதே அவர் வேலை. தண்ணீர் வராத நாளில் முதல் வசவை வாங்குபவரும் அவரே. காலையில் மைக்கைக் கையில் எடுத்ததும், தம் வாயில் வரும் சொல் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொள்வார். அம்மன் கோயிலை நெருங்கும்போது மைக்கை அணைத்துவிடுவார். தாயின் எதிரே தம் குரல் ஓங்கிக் கேட்பது மரியாதை அல்ல என்பது அவர் எண்ணம். மதிலைத் தாண்டியதும் மறுபடி போடுவார்.

அந்தப் பங்குனியில் அம்மன் திருவிழாவுக்காகக் கோயில் வாசலில் கம்பம் நட்டிருந்தார்கள்; விடியலில் பெண்கள் அதற்குக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அன்று அவர் சொல்ல வேண்டிய செய்தி முக்கியமானது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி மருந்து போட்டிருப்பதால், மறுநாள் காலை குழாயில் முதலில் வரும் தண்ணீரை யாரும் பிடிக்கக் கூடாது. வழக்கம்போல் கோயிலருகே மைக்கை அணைத்தார். மஞ்சளும் வேப்பிலையுமாக நின்ற கம்பத்தைக் கண்டதும் உருகிப்போனார். மதிலை அடுத்த தறிக்காரர் வீதியில் அவர் வாய் அறிவிப்பை ஒரு வரி விடாமல் சொன்னது. கைதான் மைக்கைப் போட மறந்திருந்தது. கோயில் மேளச் சத்தத்தில் அது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியும் முன்பே அந்த வீதிப் பெண்கள் குழாயில் குடம் நிறைத்துப் போய்க் கம்பத்துக்கு ஊற்றினார்கள். வீட்டில் இருந்தவர்கள் அதே தண்ணீரைக் குடித்தார்கள். மதியத்துக்குள் வீதியெங்கும் வாந்தி, வயிற்றுவலி. தறி ஓட்டும் பாப்பாத்தியின் சின்ன மகள் துளசிமணியைக் கண் திறக்காத நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

தங்களுக்கு யாருமே சொல்லவில்லை என்று வீதியார் நகராட்சி வாசலில் சத்தியம் செய்தபோது செங்கோடனாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுகாதார ஆய்வாளர் அவரைத் தனியே அழைத்தார்.

"ஒயர் அந்து போச்சுன்னு சொல்லிரு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"ஒயர் நல்லாத்தானுங்க இருந்துச்சு. மறந்தவன் நானுங்க."

ஆட்டோவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவரைச் சாக்கடை வாரும் வேலைக்கு மாற்றினார்கள். வேலை முடிந்ததும் அவர் தறிக்காரர் வீதிக்குப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டித் தம் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர், "அன்னிக்கு எங்க வீதியில ஊமைப்படம் ஓட்டுனீங்களாமா?" என்று கேட்க, பக்கத்து வாசல்கள் சிரித்தன. பாப்பாத்தியின் கதவு திறக்கவே இல்லை. மூடிய கதவிடமே சொல்லிவிட்டு வந்தார். கோயில் பக்கம் மட்டும் அவரால் போக முடியவில்லை. எந்த முகத்தோடு தாயைப் பார்ப்பது? சாக்கடையோரம் குனிந்தபடியே, "என்னைப் பாக்க வேண்டாம் தாயே, அந்தப் பிள்ளையைப் பாரு" என்று ஓயாமல் வேண்டினார்.

குழந்தை பிழைத்து வீடு திரும்பினாள். திருவிழா முடிந்து கம்பம் பிடுங்கும் நாளில் ஊரே கோயில் முன் கூடியது. செங்கோடனார் தூரத்தில் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் தலை குனிந்து நின்றார். அப்போது பாப்பாத்திக்கு மாரியம்மன் அருள் வந்தது. கூட்டம் விலக, தலைமுடி அவிழ, நேரே அவரிடம் வந்து நின்றாள்.

"எல்லா வாசலுக்கும் போனயே, என் வாசலுக்கு ஏன்டா வரல? என் கம்பத்துலயும் அந்தத் தண்ணியத்தானே ஊத்துனாங்க. எங்கிட்டச் சொல்ல மாட்டியா?"

அதுவரை அவருக்கு அது தோன்றவே இல்லை. தாயும் அந்தத் தண்ணீரில் நனைந்தவள்தான். அவளும் அந்த வீதிக்காரிதான். நடந்து போய்க் கோயில் வாசற்படியில் விழுந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரலைக் கேட்டுப் பழகிய ஊர், அது இவ்வளவு சன்னமாக ஒலித்ததை அன்றுதான் கேட்டது.

"தாயே, சொல்ல வேண்டியதைச் சொல்லாம உட்டுட்டேன். தப்பு என்னுது."

"என் காது குளுந்துச்சுடா" என்று குரல் வர, பாப்பாத்தியின் கை அவர் நெற்றி நிறையத் திருநீறு இட்டது.

எந்த வாசலிலும் தம் பிழையை மறைக்காத செங்கோடனாரை, தன் வாசலுக்கு வரவில்லையே என்று தாயே தேடி வந்தாள். அந்த எளியவரின் பேரைச் சொல்லும்போது நம் நாக்கும் கொஞ்சம் சுத்தமாகட்டும்.