கீரியக்கா பெருக்கிய குப்பை

வேப்பங்காட்டு விலங்குகளுக்கு ஒரே குளம். மலையில் பெய்யும் மழை ஒரு வாய்க்கால் வழியாக அதில் வந்து சேரும். மழைக்காலத்தில் குளம் நிறைந்தால்தான் கோடையில் குடிக்கத் தண்ணீர். அதனால் வாய்க்காலில் யாரும் குப்பை போடக்கூடாது, அவரவர் வீட்டுக் கழிவை மண்புழுக் குழியில் கொட்ட வேண்டும் என்பது காட்டுக் கட்டுப்பாடு.

கீரியக்காவின் வளையைப் போலச் சுத்தமான வளை அங்கே கிடையாது. போகிற வருகிறவர்களை நிறுத்தி, "எட்டிப் பாருங்களேன், ஒரு தூசு இருக்கா?" என்று கேட்டுப் பூரித்துப் போகும். பெருக்கிய குப்பை எங்கே போனது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. மண்புழுக் குழி தூரத்தில் இருந்தது. வாய்க்காலோ வளைக்குப் பின்னாலேயே காய்ந்து கிடந்தது. காய்ந்த வாய்க்காலில் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கீரி தினமும் அதில் தள்ளிவிட்டது.

மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆனால் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை.

"வாய்க்கால் அடைச்சிருக்கு! தண்ணி எல்லாம் பள்ளத்துல பாயுது!" என்று ஆமை அலறியது. எல்லோரும் ஓடினார்கள். கிளறிப் பார்த்தால் குப்பைக்குள் பாம்பின் எலும்புகளாகவே வந்தன.

"பாம்பு தின்னுறது யாரு?" என்றது முயல்.

கீரி சட்டென்று முந்திக்கொண்டது. "மயிலண்ணன்தான். தோகையைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதல, குப்பையையா பார்ப்பாரு?"

மயில் கீரியை ஒரு முறை பார்த்தது. "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். மழை விடுறதுக்குள்ள அடைப்பை எடுப்போம்" என்று சேற்றில் இறங்கியது. அதன் தோகை சேற்றில் புரண்டு ஒடிந்தது. பக்கத்தில் தோண்டிய கீரி தலை நிமிரவே இல்லை. அடைப்பு எடுபட்டபோது மழை ஓய்ந்துவிட்டது. குளம் பாதிதான் நிறைந்தது.

கோடையில் தண்ணீருக்கு வரிசை வைத்தார்கள். குப்பை போட்ட குற்றத்துக்காக மயில் குடும்பம் கடைசியில் நின்றது. குஞ்சுகள் தாகத்தில் அலகைத் திறந்து மூடின. முன்னால் நின்ற கீரி திரும்பி அதைப் பார்த்தது. மெல்லப் பின்னால் வந்தது.

"மயிலண்ணே, நீங்க முன்னால போங்க. அந்தக் குப்பை..."

"தெரியும் அக்கா. எலும்பு பூரா பல் தடம். எனக்கு ஏது பல்லு?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எல்லாரும் உங்க மேல பாய்ஞ்சிருப்பாங்க. தண்ணி அது பாட்டுக்கு வீணாப் போயிருக்கும். அப்புறம் நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எல்லோரும் சேர்ந்து அடித்திருந்தால்கூடக் கீரிக்கு அவ்வளவு கூசியிருக்காது. அது கரையில் ஏறி நின்றது. "குப்பை என்னுது. பழியைத் தூக்கி மயிலண்ணன் மேல போட்டதும் நான்தான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னது. முயல் நகர்ந்து மயில் குஞ்சுகளுக்கு வழி விட்டது. கீரி வரிசையின் கடைசியில் போய்த் தலை குனிந்து நின்றது.

தன் வீட்டை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு குப்பையைப் பொதுவில் தள்ளுகிறவர், ஊராரின் குடிதண்ணீரையும் கெடுத்துத் தன் மானத்தையும் இழப்பார்.