வாயடைத்த கருவி

கோயில் கடற்கரையில் குளிக்க வருகிறவர்கள் தொலைத்த நகையைத் தேடிக் கொடுப்பதில் தையல்காரி ஜெபமலருக்கு ஒரு தனி ஆசை. யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள். காலையில் கடை திறக்கும் முன்னே கருவியைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு வந்துவிடுவாள். நீளமான கம்பு, அதன் அடியில் ஒரு வட்டத் தட்டு. மணலுக்குள் உலோகம் ஏதாவது கிடந்தால் அது கத்தும். அவ்வளவுதான்.

சுடலைமணி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளைவிட ரொம்ப மூத்தவர். அவள் தேடுவதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தானும் ஒரு கருவி வாங்கினார், அவளுடையதைவிடப் பெரிசாக. அன்றிலிருந்து அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"எது தங்கத்துச் சத்தம், எது குப்பைச் சத்தம்? அதை மட்டும் சொல்லிரும்மா. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"பையச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்பாள். சொன்னதேயில்லை.

நல்லா சமைக்கிறவள் குழம்பில் என்ன போட்டாள் என்று சொல்லமாட்டாளே, அந்த மாதிரி மறைக்கிறாள் என்று நினைத்தார் சுடலைமணி. சரி, நமக்கென்ன, நாமே ஒரு வழி பார்ப்போம் என்று கருவியைத் திருகிப் பார்த்தார். சாக்லேட் தாள், மாத்திரை அட்டை, சோடா மூடி, இந்த மாதிரிச் சத்தங்களைக் கேட்காமல் அடைத்து வைக்க அதில் வசதி இருந்தது. எல்லாவற்றையும் அடைத்தார். கடற்கரையே அமைதியாகிப் போனது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அன்றைக்கு முகூர்த்த நாள். கூட்டமான கூட்டம். ஈர வேட்டியோடு ஒரு பையன் அவரிடம் ஓடி வந்தான். பேர் இசக்கிராஜா. மீசை முளைத்திருந்தது, முகம் அழுகிற மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, கம்மல் போயிருச்சு. நீங்கதான் தேடிக் குடுக்கணும்."

அவன் அக்காள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் கொண்டுவந்த கம்மலைத்தான் போடுவார்கள். அந்தக் கம்மலை வேட்டி முனையில் முடிந்துகொண்டு கடலில் முங்கியிருக்கிறான்.

"எவனாவது நகையோட கடல்ல இறங்குவானால?"

"யார் கையிலயும் குடுக்கப் பயமா இருந்துச்சு அண்ணாச்சி. பத்திரமா இருக்கட்டும்னுதான்..."

"நல்ல பத்திரம். வேட்டியை எங்க பிழிஞ்ச?"

அவன் காட்டினான். சுடலைமணி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கருவி வாயே திறக்கவில்லை.

"இங்க கிடையாது. கடல் கொண்டு போயிருச்சு" என்றார், அடித்துச் சொல்கிற குரலில்.

இசக்கிராஜாவின் போன் அடித்தது. அக்காள் சத்தம் வெளியிலேயே கேட்டது. "எங்கடா இருக்க? ஆசாரி ஊசியை எடுத்துட்டாரு. மாமனை எங்கன்னு எங்க மாமியார் வீட்டு ஆளுக கேக்காங்கடா."

"வாரேன்க்கா" என்றவன், பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினான்.

"கோயில் அந்தப் பக்கம்லா இருக்கு?"

"நான் ஊருக்குப் போறேன் அண்ணாச்சி. அக்கா கல்யாணத்துலயே எங்க வீட்டைக் கொஞ்சமாவா பேசினாங்க. இப்ப வெறுங்கையோட போய் நின்னா, எங்கக்கா காலம்பூராவும் ஏச்சு கேக்கணும்."

"பிள்ளை யார் மடியில உக்காரும்?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். நடக்க ஆரம்பித்தான்.

"நில்லுங்க தம்பி." ஜெபமலர் வந்திருந்தாள். "கருவி என்ன சொல்லிச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணுமே சொல்லலை."

"ஊரே தின்னுட்டுக் குப்பை போடுற இந்த மணல்லயா?"

"குப்பைச் சத்தத்தை அடைச்சு வச்சிருக்கேன்லா. தங்கம்னா மட்டும்தான் கத்தும்."

அவள் முன்னால் வந்தாள். அதே இடத்தில் தன் கருவியின் தட்டை வைத்தாள். அது வீறிட்டது. உட்கார்ந்து தோண்டினாள். சோடா மூடி. இடுப்புப் பையில் போட்டுக் குழியை மூடினாள். மறுபடி கத்தியது. ஊக்கு. மறுபடியும். மாத்திரை அட்டை.

குளித்துவிட்டு வந்த ஒரு பெண் சிரித்தாள். "ஏக்கா, பழைய இரும்புக் கடையா?"

"ஆமா. உங்க வீட்டுல கிடந்தாலும் கொண்டாங்க."

சுடலைமணிக்குத்தான் மானம் போனது. நகை தேட வந்தோமா, கடற்கரை கூட்ட வந்தோமா? இசக்கிராஜா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

கருவி லேசாக ஒரு சத்தம் போட்டது.

"அது மாத்திரை அட்டைம்மா" என்றார் சுடலைமணி. "இப்பத்தானே இதே சத்தத்தைக் கேட்டோம். விட்டுட்டு வா, நேரம் போகுது."

அவள் அங்கேயும் உட்கார்ந்தாள். ஈர மணலை ஒரு கை அள்ளினாள். அதற்குள் நகைக்கடைக்காரர் கொடுத்த குட்டிக் கவர் இருந்தது. கவருக்குள் இரண்டு கம்மல். பிள்ளைக் காதுக்கு ஏற்ற மாதிரி மெல்லிசு.

இசக்கிராஜா பாய்ந்து வந்தான். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடினான்.

"தம்பி, வேட்டியில முடியாதீங்க! கையில பிடிங்க!" என்று அவள் கத்தினாள்.

ஓடிக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினான்.

சுடலைமணி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை அதன் மேல் நடந்திருப்பார்! தன் கருவியில் அடைத்து வைத்ததையெல்லாம் திறந்துவிட்டார். ஓரடி எடுத்து வைப்பதற்குள் அது கத்தியது.

"வாத்தியாரம்மா, இன்னைக்கு நீ மறைக்காமச் சொல்லணும். இந்தா கத்துதே, இது தங்கமா, குப்பையா?"

"தெரியாது அண்ணாச்சி."

"இத்தனை வருசம் தேடுன உனக்கா தெரியாது?"

"தெரியாது" என்றாள் ஜெபமலர், கொஞ்சமும் தயங்காமல். "அதனாலதான் குனியுதேன்."