சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

விருத்தகிரிக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு எஸ்தருக்கு முப்பத்து நான்கு. ஏற்காடு மலைச்சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவள். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, என் காரை நானே சரிசெய்வேன் என்று அவளிடம் வந்து சேர்ந்த சீடர் இவர். ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

அன்று காலை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் மகள் பூவிழிக்கு வலி கண்டுவிட்டது. தாயில்லாத பெண், தலைப்பிரசவம். "அப்பா, சீக்கிரம் வாங்க" என்று இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். இந்த நேரம் பார்த்துத்தானா காரின் சைலன்சர் கழன்று தரையில் இழுபட வேண்டும்?

ஒர்க்‌ஷாப் வாசல் சரிவில் காரை நிறுத்தினார். குரு வரும்வரை பொறுமையில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, கம்பியும் கையுமாகக் காருக்கடியில் தலையை நுழைத்தார்.

யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். எஸ்தர்தான்.

"வண்டியைத் தாங்குற ஸ்டாண்டு எங்க சார்?"

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. ஒரு கட்டு கட்டணும், அவ்வளவுதான்."

"சக்கரத்துக்குக் கல்லாவது வச்சீங்களா?"

"எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன். கட்டி முடிச்சதும் அப்படியே ஏத்திட்டுக் கிளம்பிடுவேன்."

அவள் குனிந்து பார்த்தாள். நான்கு பழங்களும் குங்குமப் பொட்டோடு லட்சணமாகத்தான் இருந்தன.

"அதான் ஜாக்கி தூக்கிப் பிடிச்சிருக்கே. அதுக்கு மேல ஸ்டாண்டு எதுக்கும்மா?" எரிச்சலை மறைக்க அவர் முயலவில்லை.

"கொஞ்சம் தள்ளி வந்து நில்லுங்க."

அவர் நகர்ந்ததும், கார்க் கதவில் இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். ஜாக்கி சாய்ந்தது. கார் தடாலென்று இறங்கி, ஒரு முழம் பின்னால் உருண்டு, ஒர்க்‌ஷாப் சுவரில் முட்டி நின்றது. பழங்கள் நசுங்கிப்போயின. அவர் தலை நுழைத்த இடத்தில் இப்போது கை நுழையக்கூட வழியில்லை.

விருத்தகிரி அதைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"என்ன காரியம்மா செஞ்சே? இனிமே திரும்பத் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, கட்டி முடிச்சு, நான் எப்பப் போய்ச் சேர்றது? அங்க அவ ஒத்தையில கிடக்கா."

எஸ்தர் உள்ளே போய் இரண்டு ஸ்டாண்டுகளையும் இரண்டு கருங்கற்களையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அரைமணி நேரம் லேட்டாகும்னு போன் பண்ணுங்க சார். சொல்றதுக்கு நீங்க இருக்கீங்க."